இரவில் வந்த கொடையாளர்

நத்தார்த் தாத்தாவை அறியாத சிறுவர் இலர். அவருக்கு மூலமான புனித நிக்கலஸை அறிந்தோர் சிலரே. இன்றைய துருக்கியிலுள்ள பத்தாராவிற் பிறந்த அவர், 4ஆம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக விளங்கினார். அதற்கு முன்னரே, வறுமையால் மூன்று புதல்வியரைத் தீயவழியில் விடத் துணிந்த தந்தையொருவரின் வீட்டினுள், இரவில் சாளரத்தின் வழியே பொன்முடிப்புகளை எறிந்தார் என்பது மரபு. அத்தந்தை நாணலாகாது என்றும் எண்ணியிருப்பார் போலும். மூன்றாம் முறை அவர் விழித்திருந்து பிடித்துவிட, தாம் வாழும்வரை எவருக்கும் சொல்லலாகாதென நிக்கலஸ் உறுதி வாங்கிக்கொண்டாராம்.

அவரது திருநாள் டிசெம்பர் 6. முந்தைய இரவில் ஜேர்மனியச் சிறுவர்கள் தம் சப்பாத்துகளைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டு உறங்குவர். விடிந்ததும் அவற்றுள் இனிப்பும் தோடம்பழமும் இருக்கும். வைத்தவர் யாரென்று பெற்றோர் வாய் திறப்பதில்லை.