குஸ்மௌல் என்னும் மருத்துவப் பெருந்தகை

குடியினால் ஈரல் கெட்டு, இரவோடிரவாக இரத்தங் கக்கி மாண்டார் என்னுஞ் செய்தி நோர்வூட் பகுதித் தோட்ட லயங்களிற் புதியதன்று. இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி பெருகி இறந்தாரும் உளர். உள்ளே எவ்விடத்திற் கசிகின்றதெனக் காணமாட்டாமையே பன்னெடுங்காலம் மருத்துவர் கையைக் கட்டியிருந்தது. உயிருள்ள மனிதரின் இரைப்பையுட் குழாய் செலுத்தி நோக்கத் துணிந்த முன்னோடி, ஜேர்மனிய அறிஞர் அடோல்வ் குஸ்மௌல் ஆவர்.

அவர் 1822 பெப்ருவரி 22 இல், கார்ல்சுரூகே நகருக்கு அண்மையிலுள்ள கிராபென் என்னும் ஊரில், மருத்துவர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். யாழ்ப்பாணத்திலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியரும் அதே ஆண்டிற் பிறந்தவரே. ஹைடல்பேர்க்கில் மாணவராயிருந்தபோதே உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காண முயன்றார், கண்டிலர். அதற்குரிய கருவியை 1851 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆக்கினார். பின்பு சிற்றூர் மருத்துவராய் உழைத்து, கடும் நோயினாற் கால்கள் வலுவிழக்கவே அத்தொழிலை விடுத்து, மீண்டுங் கல்வியில் இறங்கிப் பேராசிரியரானார். 1863 இல் பிரைபேர்க்கை அடைந்தார்.

அங்கே 1867 இல், இரைப்பையின் வாயில் சுருங்கித் துன்புற்ற பெண்ணொருத்தியின் வயிற்றைக் குழாயாலும் பம்பியாலுங் கழுவித் துயர் தணித்தார். குழாய் சென்ற வழியே பார்வையுஞ் செல்லவேண்டும். ஆயின் வளையாத உலோகக் குழாய்க்கு எவர் தொண்டை இடங்கொடுக்கும்? வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனே 1868 இல் இடங்கொடுத்தான்! (இவ்வித்தை நமக்குப் புதிதன்று. இந்தியாவிலிருந்து சென்ற இராமோ சாமி என்பார் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலண்டனில் வாள் விழுங்கிப் புகழ்பெற்றார்.) தலையைப் பின்சாய்த்துத் தொண்டையை நேராக்கப் பழகியவனாதலின், 47 சதமமீற்றர் நீளமும் 13 மில்லிமீற்றர் விட்டமுங் கொண்ட குழாய் தடையின்றி இறங்கிற்று. ஒளிக்கு, பிரான்சு நாட்டுத் தெசோர்மோ அமைத்த விளக்கு. மதுசாரமும் டேப்பன்டைன் எண்ணெயுங் கலந்து எரிப்பது. அவ்வொளி போதவில்லை, வயிற்றிற் சுரந்த நீரும் பார்வையை மறைத்தது. குஸ்மௌல் முயற்சியைக் கைவிட்டார்.

இதனைத் தோல்வியென்பாருளர். யான் அவ்வாறு கொள்ளேன். குழாய் செல்லுமென நிலைநாட்டியபின் எஞ்சிய பெருங்குறை ஒளியே. 1881 இல் மிக்குலிச் மின்னொளியுடன் கருவி செய்தார். 1957 இல் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைகளால் வளையுங் கருவியைக் கண்டார். அதற்கு முன்பே, 1939 இல், சுவீடன் மருத்துவர் இருவர் உணவுக்குழலில் வீங்கிய நாளத்துள் மருந்தேற்றி அதை அடைத்தனர். இக்காலத்தில் அந்நாளங்களுக்குச் சிறு இறப்பர் வளையம் மாட்டுவர். கசியும் புண்ணில் அதிரினலின் ஏற்றி, வெப்பத்தாற் சுடுவர் அல்லது நுண்ணிய கவ்வியாற் பற்றுவர். பலர்க்கு வயிற்றைக் கீறவேண்டியதேயில்லை. எனினும் நோயாளியை 24 மணித்தியாலத்துள் நோக்குவதே முறை. ஈரல் நோயாளிக்கு இன்னும் விரைவு வேண்டும். தார்போற் கறுத்த மலமும் அக்கசிவின் அறிகுறியாதலின், விடியட்டுமென்று காத்திருத்தல் ஆகாது.

குஸ்மௌல் 1874 இல் விவரித்த, நீரிழிவு முற்றியோரின் ஆழ்ந்த மூச்சு இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. 1876 இல் ஸ்திராஸ்பூர்க் சென்று கற்பித்து, முதுமையில் ஹைடல்பேர்க்குக்கு மீண்டு, 1899 இல் தம் இளமை நினைவுகளை நூலாக வெளியிட்டார். அந்நகரிலேயே 1902 மே 28 இல் காலமானார்.