கற்க வந்தவரைத் திருப்பி அனுப்பாத பாடசாலை
எமிலி கிறிபித் அம்மையாரின் வாழ்வும் பணியும்

நூற்றாண்டு காணும் ஒரு பாடசாலையின் மலரில் இடம்பெறத்தக்க ஆசிரியைகள் உலகெங்கும் உள்ளனர். அவர்களுள் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டென்வர் நகரில் பணியாற்றிய எமிலி கிறிபித் அம்மையார். படிப்பை இடையில் விட்ட ஏழைத் தொழிலாளருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் தொழிற்கல்வி பெறும் வழியை அவர் அமைத்துக் கொடுத்தார். அதுவும் தனியார் அறநிலையமாக அன்றி, நகரத்தின் பொதுப் பாடசாலைகளுள் ஒன்றாகவே அமைத்தார்.

அம்மையார் 1868ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்தார். குடும்பத்தில் மூத்த பிள்ளை. வறுமை காரணமாகக் குடும்பம் மேற்கே நெப்ராஸ்காப் புல்வெளிக்குக் குடிபெயர்ந்தது. இளவயதிலேயே ஆசிரியத் தொழிலை ஏற்ற எமிலியின் முதல் வகுப்பறை, புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் எழுப்பிய ஒரு சிறு கட்டடம். அக்காலக் கிராம வழக்கப்படி மாணவரின் வீடுகளில் முறைவைத்துத் தங்கினார். அங்குதான் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. பகலில் தாம் எழுத்தறிவித்த பிள்ளைகளின் பெற்றோரிற் பலர் எழுத வாசிக்க அறியாதவர்கள். கணக்குத் தெரியாமையால் கடையிலும் சந்தையிலும் ஏமாற்றப்படுபவர்கள். பிள்ளைக்கு மட்டும் கல்வி கொடுத்து வீட்டின் வறுமையைத் தீர்த்துவிட முடியாது என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது.

1890களின் நடுப்பகுதியில் குடும்பம் டென்வருக்கு வந்தது. அந்நகரின் இருபத்துநான்காம் வீதிப் பாடசாலையில் எமிலி கற்பித்தார். அயலில் வாழ்ந்தோர் பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த கூலித் தொழிலாளர். பிள்ளை பாடசாலைக்கு வராத நாட்களில் ஆசிரியை வீடு தேடிச் சென்றார். தந்தைக்கு வேலையில்லை, தாய் நோயுற்றிருக்கிறாள், ஆகவே பிள்ளை உழைக்கப் போயிருக்கிறது என்பதே வீட்டுக்கு வீடு அவர் கண்ட நிலை. மாநிலக் கல்வித் திணைக்களத்தில் உதவி அத்தியட்சகர் பதவி இரு தடவை அவருக்குக் கிடைத்தது. எனினும் அவர் மீண்டும் அதே வறிய அயலின் வகுப்பறைக்கே திரும்பினார்.

அங்கிருந்தபடியே தம் திட்டத்தை நகரக் கல்விச் சபையிடம் முன்வைத்தார். வயதெல்லை இல்லாத, கட்டணம் இல்லாத, காலை முதல் இரவு வரை திறந்திருக்கும் ஒரு பாடசாலை வேண்டும் என்பதே அவர் கேட்டது. பாவனையிலிருந்து விலக்கப்பட்ட லோங்பெலோ பாடசாலையின் பழைய கட்டடம் அவருக்கு ஒதுக்கப்பட்டது. 1916 செப்டெம்பரில் வாய்ப்புப் பாடசாலை என்ற பெயருடன் அது திறக்கப்பட்டது. எவரேனும் வருவார்களா என்று ஐயுற்றோர் வியக்கும்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து பதிந்தனர்.

அப்பாடசாலையின் சிறப்பு அதன் நடைமுறையிலேயே இருந்தது. சேர்வதற்குச் சான்றிதழ் கேட்கப்படவில்லை. தவணை தொடங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வேலை முறைக்கு ஏற்ற நேரத்தில் வந்து, வேண்டிய திறனைப் பெற்றதும் போகலாம். தட்டெழுத்து, தந்தி அனுப்புதல், தொப்பி தைத்தல், மோட்டார் வாகனம் திருத்துதல் முதலிய தொழில்கள் ஒருபுறம். ஆங்கிலம், எண்கணிதம், குடியுரிமை பெறுவதற்கான பாடம் மறுபுறம். பேரனின் வயதுடையவரோடு பாட்டனும் ஒரே வகுப்பில் அமரலாம். எவரும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

அம்மையாரைப் பற்றிப் பேசுவோர் மறவாமற் சொல்வது சூப்பின் கதை. வேலைத்தலத்திலிருந்து இராச்சாப்பாடு இல்லாமலே மாலை வகுப்புக்கு வந்த ஓர் இளைஞன் பசியால் மயங்கி விழுந்தான். அதன்பின் எமிலியின் தாயும் தங்கை புளோரன்சும் வீட்டிற் சூப்புக் காய்ச்ச, அது வாளிகளிற் பாடசாலைக்கு வந்தது. மாலை மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை. வயிறு காய்ந்தவனுக்குப் பாடம் ஏறாது என்பதை எல்லோரும் அறிவோம்; அதைப் பாடசாலையின் பொறுப்பாக ஏற்றவர் அவர்.

1917இல் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் நிறைவேறியதும் அமெரிக்க மத்திய அரசின் பணம் தொழிற்கல்விக்குக் கிடைக்கத் தொடங்கியது. பட்டறைகள் பெருகின. ஆயினும் பல நகரங்களில் தொழிற்பிரிவு, ஏழைப் பிள்ளைகளையும் குடியேறியோரின் பிள்ளைகளையும் முற்கூட்டியே பிரித்து ஒதுக்கும் இடமாகவும் மாறிற்று. உனக்கு ஏட்டுக்கல்வி சரிவராது என்று பிறர் தீர்மானித்து அனுப்பும் வகுப்பாக அது அமைந்தது. அம்மையாரின் பாடசாலையில் தெரிவு கற்பவருடையது. தச்சுவேலை பழக வந்தவர் கணக்கும் படிக்கலாம். எழுத்தறிய வந்தவர் பின்னர் ஒரு தொழிலும் பழகலாம். கைத்தொழிலும் கல்வியும் அங்கே ஒன்றுக்கொன்று தாழ்ந்தவையாக இருக்கவில்லை.

1922இல் கொலராடோ கல்விச் சங்கத்தின் தலைவியாக அம்மையார் விளங்கினார். 1933இல் ஓய்வு பெற்றபின் பாடசாலைக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. திருமணம் செய்யாத அவர், தம் பராமரிப்பில் இருந்த புளோரன்சுடன் பைன்கிளிவ் என்னும் மலைக்கிராமத்தில் ஒரு சிறு வீட்டில் எளிமையாக வாழ்ந்தார். அங்கே 1947 ஜூன் மாதத்தில் சகோதரிகள் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தனர். சந்தேகிக்கப்பட்டவர் விசாரணைக்கு முன்னரே இறந்து காணப்பட்டார். ஆதலால் அக்கொலையின் காரணம் ஐயமறத் தெளியவில்லை. வாழ்நாளெல்லாம் பிறர்க்கு வழிகாட்டியவருக்கு இத்தகைய முடிவு நேர்ந்ததை எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கிறது.

ஆனால் அவர் தொடங்கிய பணி முடிந்துவிடவில்லை. இன்று எமிலி கிறிபித் தொழினுட்பக் கல்லூரி என வழங்கும் அந்நிறுவனம் டென்வர் பொதுப் பாடசாலைகளின் அங்கமாகவே தொடர்ந்து வந்துள்ளது. அங்கே கற்றோர் தொகை பத்து இலட்சத்தைக் கடந்தது. கொலராடோ மாநிலச் சட்டசபை மாளிகையிலுள்ள வண்ணக் கண்ணாடி ஓவியம் ஒன்றில் அம்மையாரின் உருவம் இடம்பெற்றுள்ளது.

பழைய மாணவிகளாகிய நாம் ஒன்றுகூடும்போது, பட்டம் பெற்றவர்களையும் பதவி வகிப்பவர்களையும் பெருமையோடு நினைவுகூருகிறோம். அது தகும். சாதாரண தரத்தோடு நின்றவர்களும், அதற்கு முன்பே வீட்டுச் சுமையாலோ இடப்பெயர்வாலோ பாடசாலையை விட்டவர்களும் நம் வகுப்புத் தோழியரே. அவர்களுடைய பெயர்கள் பரிசளிப்பு விழா ஏடுகளில் இல்லை. அவர்களுக்கும், இன்று அதே நிலையில் நிற்கும் சிறுமியருக்கும் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள நாம் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்? பாடசாலையின் அடுத்த நூற்றாண்டுக்குள் அடியெடுத்து வைக்கும் நம் சங்கம் இந்தக் கேள்வியைத் தன்னோடு எடுத்துச் செல்வதாக.