கல்யாண தீர்த்தத்தில் மறைந்த வ. வே. சு. ஐயர்

புதுச்சேரியில் கதிர்காமத்திலிருந்து மேற்கே போனால் ஊசுட்டேரி வரும். நல்ல மழை பெய்த ஆண்டில் ஏரி கரை தொட்டு நிற்கும். விடுமுறை நாளில் புளியோதரைப் பொட்டலமும் பிள்ளைகளுமாக அங்கே போகிற குடும்பங்கள் பல. ஏரித் தண்ணீர் ஓடாது. சேறு எங்கே, பள்ளம் எங்கே என்று ஊர்க்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

மலையிலிருந்து இறங்கும் ஆறு அப்படி அல்ல. காலையில் சாதுவாக இருக்கும். மாலையில் யானையைப் போல் மதம் பிடித்து வரும். இதே புதுச்சேரியில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மாவீரரை அப்படிப்பட்ட மலை ஆறு ஒன்று கொண்டு போய்விட்டது. வெள்ளைக்கார அரசின் ஒற்றர்களால் பிடிக்க முடியாத மனிதர் அவர்!

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்பது அவருடைய முழுப் பெயர். வ. வே. சு. ஐயர் என்றால்தான் தமிழ்நாட்டுக்குத் தெரியும். திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் பிறந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.ஏ. படித்தார். வக்கீல் தேர்விலும் தேறினார். பிறகு ரங்கூன் போனார். அங்கிருந்து 1907-இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போய்ச் சேர்ந்தார்.

போனது சட்டம் படிக்க. ஆனால் அங்கே இந்தியா விடுதியில் சாவர்க்கரைச் சந்தித்தார். அன்றோடு அவர் வாழ்க்கை திசை மாறியது. படிப்பு முடிந்தும், ஆங்கில மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி கூற அவர் மனம் ஒப்பவில்லை. பாரிஸ்டர் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

சீக்கியர் வேடம்

1910-இல் சாவர்க்கர் கைதானார். அடுத்தது ஐயர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் தாடியோடு சீக்கியரைப் போல் வேடம் பூண்டு லண்டனை விட்டுக் கிளம்பினார். பெட்டியின் மேல் வி. வி. எஸ். என்று ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. துப்பறிபவன் ஒருவன் அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டானாம். தம் பெயர் வீர விக்ரம் சிங் என்று ஐயர் அமைதியாகச் சொல்லித் தப்பினார் என்பார்கள். எழுத்தும் பொருந்திவிட்டது, ஆளும் பொருந்திவிட்டது!

பாரிஸ் போய், அங்கிருந்து பல நாடுகளைச் சுற்றி, மாறுவேடத்திலேயே 1910-இல் புதுச்சேரி வந்து இறங்கினார். அது அப்போது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். ஆங்கிலேயப் போலீஸ் அங்கே அவரைக் கைது செய்ய முடியாது. பாரதியாரும் அரவிந்தரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். 1911-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அதன்பின் புதுச்சேரியில் ஒற்றர் கூட்டம் பெருகியது. ஐயர் வீட்டு வாசலையும் ஒற்றர்கள் விட்டு வைக்கவில்லை.

அந்த நெருக்கடியிலும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். குளத்தங்கரை அரசமரம் என்ற கதையை எழுதினார். தமிழ்ச் சிறுகதையின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு. பேனா பிடித்த கை என்றாலும் அது மெல்லிய கை அல்ல. உடலை உரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். இளைஞர்களுக்குத் தேகப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். நீச்சலும் தெரிந்தவர்.

போர் முடிந்து, 1920-இல் தாய்நாட்டுப் பகுதிக்குத் திரும்பினார். தேசபக்தன் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதில் வந்த கட்டுரைக்காக 1921-இல் ஒன்பது மாதச் சிறை. பெல்லாரிச் சிறையில் உட்கார்ந்து கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி எழுதினார்.

சேரன்மாதேவி

வெளியே வந்ததும் நெல்லைச் சீமையில் ஒரு குருகுலம் தொடங்கினார். கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்து, பிறகு சேரன்மாதேவியில் நிலைத்தது. படிப்பு, கைத்தொழில், உடற்பயிற்சி மூன்றும் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியே சாப்பாடு போட்டதால் பெரும் கிளர்ச்சி எழுந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயம் இருந்தது. 1925-இல் ஐயர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் வாழ்வில் மிகவும் மனம் நொந்த காலம் அதுதான்.

அந்த ஆண்டு ஜூன் மாதத் தொடக்கம். குருகுலப் பிள்ளைகளோடு பாபநாசம் மலைக்கு உல்லாசப் பயணம் போனார். மகள் சுபத்திரையும் கூட வந்தாள். அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் என்ற இடம். அங்கே தாமிரபரணி பாறைகளுக்கு நடுவே இறங்கி வருகிறது.

அங்கேதான் ஆறு மனிதனை ஏமாற்றுகிறது. ஆறு அகலமாக ஓடும் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும். அவ்வளவு தண்ணீரும் இரண்டு பாறைகளுக்கு இடையே ஒடுங்கினால் எங்கே போகும்? வேகமாகவும் ஆழமாகவும் ஓட வேண்டியதுதான். ஒரே எட்டில் தாண்டிவிடலாம் என்று கண்ணுக்குத் தோன்றும் இடமே ஆற்றில் மிகப் பொல்லாத இடம். பாறையில் பாசி வேறு. நுரை பொங்கும் நீரில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால், அது உடம்பை நன்றாகத் தாங்காது. நீச்சல்காரனும் அமிழ்ந்து போவான். அருவியின் அடியில் உள்ள சுழல், மேலே வந்தவனைத் திரும்பவும் உள்ளே இழுக்கும்.

ஜூன் மாதம் என்பதும் முக்கியம். தென்மேற்குப் பருவமழை மலையில் இறங்கும் காலம் அது. கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும். மேலே மழை கொட்டும். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது - இவையெல்லாம் வெள்ளத்தின் முன்னறிவிப்பு. மலையடிவாரத்துக் கிழவர்கள் இந்தக் குறிகளைக் கண்டதும் கரையேறிவிடுவார்கள். பாபநாசத்தில் இன்று உள்ள அணை 1940-களில்தான் எழுந்தது. அன்று மலையில் பெய்த மழை தடையில்லாமல் அப்படியே கீழே வரும். இன்றோ மழை இல்லாத நாளிலும், அணையில் நீர் திறந்தால் ஆறு உயரும்.

குறுகலான ஓர் இடத்தைப் பிள்ளைகள் தாண்டினார்கள். சுபத்திரையும் தாண்டினாள். கால் தவறியது. தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டது.

இப்படி ஒருவர் விழுந்தால் கரையில் நின்றபடியே கயிறோ கழியோ வேட்டியோ நீட்டுவதுதான் முறை. அதை அறிந்தவனும் அந்தக் கணத்தில் அதை நினைப்பானா? விழுந்தது பெற்ற மகள். ஐயர் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. குதித்துவிட்டார்.

இருவரும் உயிரோடு கரையேறவில்லை.

அப்போது ஐயருக்கு வயது 44. பெல்லாரியில் எழுதிய கம்பராமாயண ஆராய்ச்சி முழு நூலாக அச்சாகி வந்தது 1950-இல்தான். அதை அவர் பார்க்கவில்லை. ரங்கூன், லண்டன், பாரிஸ் என்று கணவர் போன இடமெல்லாம் என்ன ஆகுமோ என்று ஆண்டுக்கணக்கில் கலங்கியிருந்தவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள். உல்லாசப் பயணம் போன ஒரு நாளில் அவர் கணவரையும் மகளையும் சேர்த்து இழந்தார்.