ஒலே எவின்ரூட்: இயந்திரத்தைப் படகின் பின்பலகையில் தொங்கவிட்டவர்

போர் முடிந்து, கூடிய குதிரைவலு இயந்திரங்களுக்கு இருந்த தடைகள் நீங்கிய பிறகு வடக்கின் கரைகளில் பழைய படகுகளுக்குப் புது இயந்திரம் பூட்டும் வேலை மும்முரமாக நடந்தது. குதிரைவலு எத்தனை, விலை என்ன, எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்பதையே எல்லோரும் விசாரிப்பார்கள். இயந்திரத்தைப் பின்பலகையில் எந்த உயரத்தில் பூட்டுவது என்ற கேள்வி கடைசியாகத்தான் வரும். ஆனால் புது இயந்திரத்தின் பலன் பாதிக்கு மேல் அந்த ஓரிரு அங்குலத்தில்தான் தங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். அந்தக் கேள்வியைப் படகுக்காரனின் கையில் முதலில் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஒலே எவின்ரூட்.

1877 இல் நோர்வேயில் பிறந்த ஒலே, ஐந்து வயதில் குடும்பத்துடன் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக்கு வந்தார். குடும்பம் பயிர்ச்செய்கையை நம்பியிருந்தது. பையனின் மனமோ இயந்திரங்களிலும் படகுகளிலும் கிடந்தது. பதின்ம வயதில் தானே ஒரு பாய்ப்படகைக் கட்டினார். பதினாறு வயதில் மாடிசன் நகருக்குப் போய் இயந்திரப் பட்டறைகளில் வேலை பழகினார். பொறியியலை நூல்களிலிருந்து தானாகவே கற்றார். பிற்ஸ்பேர்க், சிகாகோ ஆலைகளில் வேலை செய்தபின் மில்வாக்கிக்குத் திரும்பி, பங்காளியுடன் சேர்ந்து இயந்திரம் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார்.

அங்கே கணக்கு வழக்குகளைப் பார்த்தவர் பெஸ் கேரி. 1906 இல் இருவரும் மணம் முடித்தனர். அதே ஆண்டுக் கோடையில் ஒக்காச்சி ஏரிக் கரையில் பெஸ் ஐஸ்கிரீம் கேட்டதாகவும், ஒலே துடுப்பு வலித்துப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. படகுக்கு வெளியே பூட்டும் இயந்திரத்தை முதலில் செய்தவர் அவரல்லர். கமரன் வாட்டர்மன் என்பவர் சற்று முன்னரே செய்து விற்றார். ஆனால் 1909 இல் ஒலே விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம் நின்று பிடித்தது. நிறை 62 இறாத்தல், வலு ஒன்றரைக் குதிரைவலு. மேலே இயந்திரம், கீழே செங்குத்தாக இறங்கும் தண்டு, நீருக்குள் பற்சில்லு, அதன் முனையில் புரொப்பலர். இந்த அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை.

உட்பூட்டு இயந்திரத்தில் புரொப்பலர் எவ்வளவு ஆழத்தில் சுழல வேண்டும் என்பதைப் படகு கட்டுபவரே தீர்மானித்துவிடுவார். ஒலேயின் இயந்திரத்தை எவரும் தன் படகில் கொளுவலாம், கழற்றலாம். ஆகவே ஆழத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பும் படகுக்காரனிடம் வந்தது.

விளம்பரங்களை எழுதி வியாபாரத்தை வளர்த்தவர் பெஸ்தான். ஸ்கண்டிநேவிய மீனவர்களிடமிருந்தும் கட்டளைகள் வந்தன. ஆனால் ஓயாத வேலையில் பெஸ்ஸின் உடல்நிலை குலைந்தது. வளர்ந்துகொண்டிருந்த நிறுவனத்தில் தன் பங்கைப் பங்காளியிடம் விற்றுவிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு இத்துறைக்குள் வருவதில்லை என்ற உடன்பாட்டுடன் ஒலே வெளியேறினார். தன் பெயரைத் தாங்கிய தொழிலை மனைவியின் உயிருக்காக விட்டுக்கொடுத்த அந்த முடிவைத்தான் நான் அவருடைய வாழ்க்கையின் நடுப்புள்ளியாகப் பார்க்கிறேன்.

அந்த இடைவெளி வீண்போகவில்லை. அலுமினியத்தை அதிகம் பயன்படுத்தி, 48 இறாத்தலில் மூன்று குதிரைவலு தரும் இரட்டைச் சிலிண்டர் இயந்திரத்தை வடிவமைத்தார். பழைய பங்காளி அதை ஏற்கவில்லை. ஒலேயும் பெஸ்ஸும் எல்ற்றோ என்ற பெயரில் புது நிறுவனம் தொடங்கித் தாங்களே விற்றனர். நிறை குறைந்து வலு கூடியதும் சிறு படகுகள் நீரைக் கிழித்து ஓடுவதை விட்டு, நீரின்மேல் எழுந்து வழுக்கி ஓடத் தொடங்கின. 1920களில் வெளியிணைப்பு இயந்திரப் படகுப் போட்டிகள் பெருகின. பூட்டும் உயரத்தின் அருமை அங்கேதான் தெரிந்தது.

காரணம் எளியது. வேகமாக ஓடும் படகில், நீருக்குள் இருக்கும் இயந்திரத்தின் கால்பகுதியே ஒரு தடை. அதைத் தாழப் பூட்டினால் வேகம் குறையும், தண்ணீர் தெறிக்கும். மிக உயர்த்தினால் புரொப்பலர் காற்றை இழுத்துப் பிடிப்பின்றி வெறுமனே சுழலும். குளிர்விப்பு நீரை எடுக்கும் துளைகள் மேலே வந்து இயந்திரம் சூடாகும்.

புரொப்பலருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும். அதைப் படகின் அடிப்பாகத்தின் மட்டத்துக்கோ சற்று மேலாகவோ வைப்பது பொதுவான தொடக்கம். அதற்கு முன் தண்டின் நீளம் பின்பலகைக்குப் பொருந்துகிறதா என்று அளக்க வேண்டும். 15 அங்குலமும் 20 அங்குலமும் வழமையான அளவுகள். பழைய இரண்டு அடி இயந்திரத்துக்குப் பதில் நான்கு அடி இயந்திரம் பூட்டினால் நிறை பெரும்பாலும் கூடி, படகின் பின்புறம் தாழும். ஆகவே பழைய துளைகளிலேயே பூட்டுவது சரியென்று எண்ணிவிடக் கூடாது. வழமையான சுமையுடன் ஓடிப் பார்த்து, ஒவ்வொரு துளையாக உயர்த்தி, சுழற்சி வேகத்தையும் குளிர்விப்பு நீரையும் கவனிக்க வேண்டும். திருப்பத்தில் பிடிப்பு விட்டால் ஒரு துளை இறக்க வேண்டும். போட்டிப் படகு தட்டையான நீரில் வெறுமையாக ஓடுவது. அதன் உயரம் வலையும் மீனும் ஏற்றி அலையில் ஏறி இறங்கும் படகுக்குப் பொருந்தாது. கரையிலிருந்து வெகுதூரத்தில் இயந்திரம் சூடாகி நின்றால் போவது ஆளின் உயிர்.

1929 இல் எல்ற்றோவும் பழைய எவின்ரூட் நிறுவனமும் இன்னொரு நிறுவனத்துடன் ஒன்றிணைந்தன. விட்டுக்கொடுத்த தன் பெயரின் தலைமைக்கே ஒலே மீண்டார். ஆனால் பொருளாதாரப் பெருமந்தம் உடனேயே வந்தது. 1933 இல் பெஸ் காலமானார். அடுத்த ஆண்டு யூலையில், 57ஆவது வயதில், ஒலேயும் மறைந்தார். மகன் ரால்ப் தொழிலைத் தொடர்ந்தார்.

எவின்ரூட் என்ற பெயரில் இயந்திரம் செய்வது 2020 இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று எமது கரைகளில் பூட்டப்படுபவை வேறு பெயர்களைத் தாங்கியவை. ஆனால் பெயர் எதுவானாலும், திருகாணியை இறுக்கும் முன் அளவுகோலை எடுக்க வேண்டியவர் அந்தப் படகில் கடலுக்குப் போகிறவர்தான்.