கணக்கில் தவறினார், கடமையில் தவறவில்லை

பாடல் ஒன்று உலகப் புகழ் பெறும்போது பாடியவர்களையும் மெட்டமைத்தவர்களையும் நாம் போற்றுகின்றோம். அவர்களை மேடையேற்றியவரைப் பற்றி விசாரிப்பவர்கள் மிகச் சிலரே. பீற்றில்ஸ் இசைக்குழுவின் முகாமையாளராக விளங்கிய பிறையன் எப்ஸ்ரைனின் வாழ்க்கை அவ்வாறு மறந்துவிடத்தக்கதன்று.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், யூத வர்த்தகக் குடும்பமொன்றில் 1934 ஆம் ஆண்டு பிறந்தவர் எப்ஸ்ரைன். நடிகராகும் விருப்புடன் லண்டன் சென்று, நாடகக் கற்கையை இடைநடுவே கைவிட்டு ஊர் திரும்பினார். குடும்ப நிறுவனத்தின் இசைத்தட்டு விற்பனையைக் கவனித்துவந்த அவர், 1961 நவம்பர் 9 ஆம் திகதி நிலவறை அரங்கொன்றில் இந்த இளைஞர்களின் இசையைக் கேட்டார். முன்அனுபவம் ஏதுமின்றியே அவர்களைப் பொறுப்பேற்றார். 1962 ஜனவரியில் எழுதப்பட்ட முதல் ஒப்பந்தத்தில் குழுவினர் ஒப்பமிட்டனர், அவர் ஒப்பமிடவில்லை. தன்னால் இயலாது போனால் அவர்கள் கட்டுண்டு கிடக்கக்கூடாது என்பதே அவரது எண்ணம்.

டெக்கா நிறுவனம் அவர்களை நிராகரித்தது. எப்ஸ்ரைன் சளைக்காது லண்டனில் படியேறி இறங்கினார். இறுதியில் பார்லபோன் நிறுவனத்தின் ஜோர்ஜ் மார்ட்டின் வாய்ப்பளித்தார். 1964 பெப்ரவரி 9 ஆம் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்கள் தோன்றியபோது ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்தனர்.

எனினும் பேரம் பேசுவதில் அவர் சறுக்கினார் என்பதை மறுப்பதற்கில்லை. 1964 இல் வெளியான அவர்களது முதலாவது திரைப்படத்தின் இலாபத்தில் 25 வீதம் வரை வழங்கத் தயாரிப்பாளர் தரப்பு ஆயத்தமாக இருந்தது. அதை அறியாத எப்ஸ்ரைன் 7.5 வீதத்திற்குக் குறையக்கூடாதென்று கேட்டார். குழுவின் பெயர் பொறித்த பொருட்களின் விற்பனையிலும் 90 வீத உரிமை பிறர் கைக்குச் சென்றது. இவ்வகை வர்த்தகத்தில் அன்று அவருக்கு முன்அனுபவம் இருக்கவில்லை என்பதையும் நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

அவரது தனிவாழ்வோ அச்சம் நிறைந்தது. ஆண்களுக்கிடையிலான பாலுறவை இங்கிலாந்துச் சட்டம் 1967 ஜூலை வரை குற்றமாகவே கருதியது. தன் இயல்பை மறைத்து வாழ நிர்ப்பந்திக்கப்பட்ட அவர், மிரட்டிப் பணம் பறிப்போரிடமும் சிக்கினார். சட்டம் தளர்ந்து ஒரு மாதம் கடந்த நிலையில், ஆகஸ்ட் 27 ஆம் திகதி தமது 32 ஆவது வயதில் லண்டன் இல்லத்தில் உயிரிழந்து காணப்பட்டார். அளவுமீறிய தூக்கமருந்தால் நேர்ந்த விபத்து என மரண விசாரணை முடிவு செய்தது.

அவரின் வழிகாட்டலின்றி அவ்வாண்டு டிசம்பரில் குழுவினர் தாமே உருவாக்கிய தொலைக்காட்சித் திரைப்படம் கடும் கண்டனத்திற்குள்ளானது. 1970 இல் குழு கலைந்தது. இழந்த வீதங்களைக் கொண்டு எப்ஸ்ரைனை அளவிடுவோர், அவர் இல்லாத இம்மூன்று ஆண்டுகளையும் கணக்கிற் சேர்ப்பதே நியாயமென நாம் கருதுகின்றோம்.