அன்னா பிராய்டு அம்மையார்

உளநூற் பேரறிஞர் சிக்மண்ட் பிராய்டின் மக்கள் அறுவருள் இளையவராய் 1895-ஆம் ஆண்டு வியன்னா நகரிற் பிறந்தவர் அன்னா அம்மையார். தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியராய் அமர்ந்து, சிறார்தம் உள்ளப்பாங்கை அருகிருந்து கண்டார். 1938-இல் நாஜியரின் கொடுமைக்குத் தப்பி இலண்டன் சேர்ந்தார். போர்க்காலத்திற் பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளைப் பேணினார்.

குமரப்பருவத்தினர் சினத்தலும் அழுதலும் தீயொழுக்கம் எனப் பலரும் கடிந்தனர். அம்மையாரோ, அக்கொந்தளிப்புப் பருவத்தின் இயல்பென்றும், அஃதின்றி அடங்கிக் கிடப்போரைக் குறித்தே கவலல் வேண்டுமென்றும் 1958-இல் எழுதினார். 1982-இல் மறைந்தார்.

அவர் நிறுவிய நிலையத்திற் பின்வந்த அறிஞர், செயலின் பின்னுள்ள தம் எண்ணத்தையும் பிறர் எண்ணத்தையும் உய்த்துணரும் பயிற்சியை வளர்த்தனர். வாய் திறவாத மகளே நன்மகள் என மகிழும் பெற்றோர், இவ்வம்மையார் வாழ்வைச் சிந்தித்தல் நலம்.