மழைக்காகக் காத்திருந்த கேப்டன்!

மேட்ச் அன்னைக்கு மழை வந்தா நமக்குக் கடுப்பாகும்தானே? ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் வால்டருக்கு அதுதான் கொண்டாட்டம்! இரண்டாம் உலகப்போரில் தொற்றிய மலேரியாவால், வெயிலில் ஆடினால் துவண்டுவிடுவார்.

போர் முடிந்ததும் சோவியத் படையின் கைதி. அடுத்து சைபீரியாதான் என்ற நிலை. முகாமில் இவர் பந்து ஆடியதைப் பார்த்து, இன்னார் எனக் கண்டுகொண்ட ஹங்கேரி காவலர் ஒருவர்தான் காப்பாற்றினார். இதை வால்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஊர் திரும்பி, கைசர்ஸ்லௌட்டர்ன் அணிக்கு 1951, 1953-ல் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார்.

1954 ஜூலை 4, பெர்ன் நகரில் உலகக்கோப்பை ஃபைனல். எதிரே, அதே ஹங்கேரி! எட்டே நிமிஷத்தில் ரெண்டு கோல் வாங்கிட்டாங்க. ஆனா, மழை விடாம பெஞ்சுது. 33 வயது கேப்டனின் அணி 3-2 என ஜெயித்தது.

2002-ல் வால்டர் மறைந்தார். ஆனா, மழையில் மேட்ச் நடந்தா, ஜெர்மனியில் இன்னைக்கும் அதுக்கு 'ஃபிரிட்ஸ் வால்டர் வானிலை'னுதான் பேரு!